கோயில் வாசலில் 'சாந்தி' தேடும் கனவான்களுக்கு

நயினார்கோவிலுக்குக் காரில் வந்து, நாகநாதரைத் தரிசித்துத் திரும்பும் கனவான்கள் சிலருக்கு ஒரு வழக்கம் உண்டு. வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் கிழவர்களையும் கிழவிகளையும் சற்று நின்று பார்ப்பார்கள். "ஆசை அடங்கிய முகம்! இவர்கள் மனதில்தான் எத்தனை சாந்தி!" என்று பெருமூச்சு விடுவார்கள். பட்டணம் போனபின் அதையே கட்டுரையாக எழுதுகிறவர்களும் உண்டு. முதுமையின் மௌனம், முதுமையின் ஞானம் என்று தலைப்பு வேறு!

வாய் பேசாத முல்லா மகள் ஒருத்தி சுவாமியைக் கண்டு "நயினார்" என்று வாய் திறந்தாள், அதனால்தான் ஊருக்கு இந்தப் பெயர் என்பது கோயில் கதை. ஊமை பேசிய ஊரில் வந்து, பேசத் தெரிந்தவர்களின் மௌனத்தைப் போற்றிவிட்டுப் போகிறார்கள் இந்த ரசிகர்கள். இவர்களில் ஒருவராவது குனிந்து, "என்ன ஆத்தா யோசிக்கிறீங்க?" என்று கேட்டதுண்டா?

நாம் கேட்டோம். "ரேகை விழுகல அப்பு" என்றார் ஒரு மூதாட்டி.

முதியோர் உதவித்தொகையைத்தான் சொன்னார். முன்பெல்லாம் மணியார்டர். தபால்காரர் வீடு தேடி வந்து கொடுத்துவிட்டுப் போவார். இப்போது கருவியில் விரல் வைக்க வேண்டும். வைத்தால் ரேகை பதியவில்லை. எப்படிப் பதியும்? களை பிடுங்கி, மிளகாய்ப் பழம் பறித்து, கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேல் கட்டைகளை அடுக்கி அடுக்கித் தேய்ந்த விரல் அல்லவா அது! உழைப்பு ரேகையை அழித்தது. ரேகை அழிந்ததால் உழைத்தவளுக்குப் பணம் இல்லை. இது என்ன நியாயம்?

அந்த அம்மாளின் மனதில் பணம் ஒன்றுதான் இருக்கிறது என்று நாம் சொல்லவரவில்லை. ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தோம். கண்மாய் உடைந்த வருஷத்தைச் சொன்னார். எந்த வீட்டு மரக்கால் சிறிது, எந்த வீட்டில் கூலி நெல்லோடு பதரும் சேர்ந்து வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு அறுப்பில், ஒரு படி நெல் கூடக் கேட்டுப் பெண்கள் எல்லோரும் அரிவாளைக் கீழே போட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது சிரித்தார். பல்லில்லாத வாய் நிறைய வந்த அந்தச் சிரிப்பில் சாந்தி எதுவும் இல்லை, ஜெயித்தவளின் கர்வம்தான் இருந்தது. பேரனிடம் சொல்லலாமென்றால், அவன் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

இன்னொருவர் மனதுக்குள் நுழைந்து பார்க்க எவராலும் முடியாது. ஆனால் பார்க்காமலேயே 'அங்கே சாந்தி இருக்கிறது' என்று தீர்ப்பளிப்பவர்களின் நோக்கம் நமக்குப் புரிகிறது. ஆசை அடங்கியவருக்குச் சோறு எதற்கு, பென்ஷன் எதற்கு, வைத்தியம் எதற்கு?

இந்தத் தத்துவம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 1985 வரை பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் சேர்ந்திருந்ததுதான் விருதுநகர்ச் சீமை. அங்கே முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துக் கொல்லும் தலைக்கூத்தல் பற்றி 2010ல் செய்திகள் வெளிவந்தன. தன் நிலத்தை எப்படிப் பங்கிடுவது என்று வீட்டார் பேசியதைக் கேட்டு, எண்பது வயதுக் கிழவர் ஒருவர் தப்பி ஓடினார். அவர் மனதிலும் சாந்திதான் இருந்ததா? ஐயாமார்கள் சொல்லட்டும்!

'பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள், அதுதான் காரணம்' என்று உடனே ஒரு குரல் எழும். 2007ல் பார்லிமெண்ட் செய்த சட்டமும் அந்தக் குரலில்தான் பேசுகிறது. பெற்றோரைக் காப்பாற்றாத மகனைத் தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கட்டச் சொல்லலாம், கட்டத் தவறினால் ஜெயிலுக்கும் அனுப்பலாம். வசதி இருந்தும் பெற்றோரைத் தெருவில் விடுகிற மகனுக்காக நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் இதே சட்டம் சர்க்காரிடம் எப்படிப் பேசுகிறது? ஜில்லாவுக்கு ஒன்றாவது, 150 ஏழை முதியோர் தங்கும் இல்லம் 'அமைக்கலாம்' என்கிறது! மகனுக்குக் கட்டளை, சர்க்காருக்கு விருப்பம். வானம் பார்த்த பூமியில் வேலை இல்லாமல் மகனை ஊரைவிட்டு விரட்டியது யார் என்ற கேள்வி சட்டத்தின் எந்தப் பிரிவிலும் இல்லை.

கணக்கையும் பார்ப்போம். 1962ல் சென்னை ராஜ்யத்தில் முதியோர் பென்ஷன் மாதம் 20 ரூபாயில் ஆரம்பித்தது. மத்திய சர்க்கார் விழித்துக்கொண்டது 1995ல், 75 ரூபாயோடு. 2006ல் அது 200 ஆயிற்று. எண்பது தாண்டியவர்களுக்குப் பின்னர் 500 என்றார்கள். மற்றவர்களுக்குப் பதினைந்து ஆண்டு கடந்தும் டில்லியின் 200 அசையவில்லை. நாளொன்றுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை, ஒரு டீக்குக் காணாது! மாநில சர்க்கார் தன் பங்கையும் சேர்த்து 2023ல் 1,200 ஆக்கியது. அப்போதும் நாளைக்கு நாற்பது ரூபாய்தான்.

1889ல் ஜெர்மனியில் பிஸ்மார்க் எழுபது வயதுத் தொழிலாளிக்குப் பென்ஷன் சட்டம் கொண்டுவந்தானே, கருணையாலா? சோஷலிஸ்டுகளை ஒடுக்க 1878லேயே சட்டம் போட்டுப் பார்த்தான், முடியவில்லை. பயம் வந்தது, பென்ஷனும் வந்தது.

ரேகை விழாவிட்டால் பணம் வீட்டுக்கே வர வேண்டும். டில்லி தன் 200ஐ உயர்த்த வேண்டும். சட்டத்தில் உள்ள 'அமைக்கலாம்' என்ற சொல் 'அமைத்தே தீர வேண்டும்' என்று மாற வேண்டும். இவற்றை மனுவாக எழுதி அந்த அம்மாளிடம் படித்துக் காட்டினோம். கவனமாகக் கேட்டார். கையெழுத்துப் போட வராது, விரலை நீட்டினார். மையில் தொட்டுக் காகிதத்தில் வைத்தார். வெறும் கறுப்பு வட்டம் விழுந்தது.

நாம் எழுந்தபோது கேட்டார்: "அடுத்த வாரமும் வருவீகளா அப்பு? கண்மாய் உடைஞ்ச கதை பாதியிலேல்ல நிக்குது?"