தேவதைக் கதை என்று ஒதுக்கிவிடும் நண்பர்களுக்கு

அண்மையில் ஓர் இலக்கியச் சந்திப்பு முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, எனது பையிலிருந்த தடித்த ஆங்கில நாவலை நண்பர் ஒருவர் எடுத்துப் பின்னட்டையை வாசித்தார். "என்ன சேர், இந்த வயசிலயும் தேவதைக் கதையா வாசிக்கிறீங்க?" என்றார். சூழ நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அன்று சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

அந்த நாவல், அமெரிக்க எழுத்தாளர் ஷோனன் மக்வயர் எழுதிவரும் 'ஒக்டோபர் டே' வரிசையைச் சேர்ந்தது. முதல் நூலான 'ரோஸ்மேரி அன்ட் ரூ' 2009 இல் வெளிவந்தது. 2025 இல் வெளிவந்த 'சில்வர் அன்ட் லெட்' 19 ஆவது நாவல். கதை நிகழ்வது இன்றைய சன் பிரான்சிஸ்கோ நகரிலும் அதன் அயலிலும். இவ்வகை எழுத்தை நகர்ப்புற மாயப் புனைவு என்கிறார்கள்.

முதலில் 'தேவதை' என்ற சொல்லைப் பார்ப்போம். 'ஃபேரி' என்பதை நாம் தேவதை என்று பெயர்த்தபோதே வெள்ளைச் சிறகும் மந்திரக்கோலும் வரம் கொடுக்கும் கையும் வந்து ஒட்டிக்கொண்டன. அயர்லாந்து, ஸ்கொட்லாந்து நாட்டார் கதைகளில் வருகிறவர்கள் வேறு விதமானவர்கள். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைத் தூக்கிச் சென்று தம்முடையதொன்றை விட்டுச்செல்வார்கள். இரும்புக்கு அஞ்சுவார்கள். வாய்தவறிக் கொடுத்த வாக்கைக்கொண்டே மனிதரைக் கட்டிப்போடுவார்கள். அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கப் பயந்து 'நல்ல மனிதர்கள்' என்றே கிராமத்தவர் குறிப்பிட்டு வந்தனர். எம்மவர் சிலர் உடனே 'ஜின்' என்பார்கள். அதுவும் பொருந்தாது. ஜின் எமது நம்பிக்கையோடு சம்பந்தப்பட்டது. இவர்களோ ஐரோப்பிய நாட்டார் கற்பனையின் மாந்தர்கள். எனவே மக்வயர் பாவிக்கும் 'ஃபே' என்ற சொல்லையே நானும் பாவிக்கிறேன்.

நாவல் வரிசையின் நாயகி ஒக்டோபர் டேயின் தாய் ஃபே, தந்தை மனிதர். இப்படிப் பிறந்தோரை 'சேஞ்ச்லிங்' என்கிறார்கள். நான் கலப்பினத்தவர் என்கிறேன். 1995 இல் தனது பிரபுவின் பணியில் ஒருவனைப் பின்தொடர்ந்து செல்லும்போது, கோல்டன் கேட் பூங்காவின் ஜப்பானியத் தேயிலைத் தோட்டக் குளத்தில் அவள் மீனாக மாற்றப்படுகிறாள். 14 வருடங்கள் அந்தக் குளத்திலேயே கழிகின்றன. மீண்டு வரும்போது அவளோடு வாழ்ந்த மனிதனும் பெற்ற மகளும் அவள் தம்மைக் கைவிட்டுப் போனதாகவே நம்புகிறார்கள். உண்மையைச் சொல்லவும் வழியில்லை. ஃபேக்கள் இருப்பதை மனிதர் அறியக் கூடாது என்பது அங்கு விதி. நைட் பட்டம் பெற்ற அந்தப் பெண், சுப்பர் மார்க்கட் ஒன்றின் காசுக் கவுண்டரில் இரவு வேலை பார்க்கிறாள். யதார்த்தத்திலிருந்து தப்பியோடும் எழுத்து என்று சிரித்தீர்களே நண்பரே, இதில் யார் எங்கே தப்பியோடுகிறார்?

இந்த உலகத்தின் மையத்தில் இருப்பது இரத்தம் பற்றிய சட்டமாகும். ஃபே அரசன் ஒபரோன் விதித்த சட்டம், ஒரு ஃபே இன்னொரு ஃபேயைக் கொல்வதைத் தடைசெய்கிறது. அந்தச் சட்டம் தூய இரத்தத்தவரை மட்டுமே காக்கிறது. கலப்பினத்தவரைக் கொன்றால் அது குற்றத்தில் சேராது. கலப்பினப் பிள்ளையிடம் ஒரு நாள் 'நீ மனிதரா, ஃபேயா?' என்று கேட்பார்கள். மனிதர் என்று சொன்ன பிள்ளை உயிரோடு விடப்படுவதில்லை. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'தெரிவு'. அம்பொன்று இருக்கிறது. அது தூய இரத்தத்தவர்மீது பட்டால் 100 வருட உறக்கம். கலப்பினத்தவர்மீது பட்டால் மரணம். 2015 இல் வந்த 'எ ரெட்-ரோஸ் செயின்' நாவலில் அந்த நஞ்சுக்கு மருந்து கண்டுபிடிக்கப்படுகிறது. 2016 இல் வந்த அடுத்த நாவலில் அரசர்களும் பிரபுக்களும் ஒரு மாநாடு கூட்டி, அந்த மருந்தை வெளியே விடலாமா என்று விவாதிக்கிறார்கள். மருந்து கையில் இருக்கிறது. கொடுப்பதா இல்லையா என்பதுதான் பேச்சு. இதை வாசிக்க எனக்குச் சிறகோ மந்திரக்கோலோ தேவைப்படவில்லை.

'இத்தனை நாவல் எழுதுவது வியாபாரம்' என்பது இன்னொரு முறைப்பாடு. வியாபாரம் இல்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அந்த மகளின் கதையை மட்டும் எடுத்துப் பாருங்கள். முதல் நாவலில் சாத்திய கதவு முதல் நாவலிலேயே திறந்துவிடவில்லை. 2011 இல் வந்த ஐந்தாவது நாவலில் மகள் கடத்தப்படுகிறாள். தெரிவு அவள் முன்னும் வருகிறது. அவள் மனிதராகவே இருக்க விரும்ப, அவளது ஃபே இரத்தத்தைத் தாயே தன் ஆற்றலால் அகற்றி உயிரைக் காக்கிறாள், அவளை இழக்கவும் செய்கிறாள். 2018 இல் வந்த 12 ஆவது நாவலில் அந்த மகளை அதே நஞ்சம்பு தாக்குகிறது. அவளைக் காப்பாற்ற ஒரேயொரு வழி: கடல்நாய்த் தோலொன்றை அவள்மீது போர்த்தி, அவளைக் கடல்வாழ் செல்கியாக ஆக்குவது.

அந்தத் தோல் எங்கிருந்து வந்தது? ரோன் என்ற கடல் இனத்தவர் முன்னொரு காலத்தில் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் அவர்களது தோலை உரித்தெடுத்தார்கள். கொன்றவர்களின் பிள்ளைகள் அத்தோல்களை, கொல்லப்பட்டோரின் தாயான கடற்சூனியக்காரியிடம் கொண்டுவந்தார்கள். அவள் அத்தோல்களை அவர்கள்மீதே கட்டிவிட்டாள். ஒருநாள் கடனைத் திருப்பிக் கேட்பேன் என்றும் சொல்லிவைத்தாள். அன்றிலிருந்து அந்தப் பரம்பரையினர், கொல்லப்பட்ட பிள்ளைகளின் தோலை அணிந்தே கடலில் நீந்தி, அதை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றி வந்தார்கள். 2019 இல் வந்த 'தி அன்கைன்டஸ்ட் டைட்' நாவலில் கடன் கேட்கப்படுகிறது. தாம் கொல்லாத கொலைக்குத் தாம் பொறுப்பா? தாம் அனுபவிக்கும் சுகம் யாருடையது? இக்கேள்விகளின் முன் நிற்பவர்களுள் நாயகியின் மகளும் ஒருத்தி. முதல் நாவலில் தாய்க்குக் கதவு திறக்காத அந்தச் சிறுமியை 13 ஆவது நாவலில் இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்த, இந்த நீளம் தேவைப்பட்டிருக்கிறது.

இத்தோடு நிறுத்தினால் இது வெறும் புகழ்மாலை ஆகிவிடும். இந்த வரிசைமீது எனக்கு உண்மையான கோபம் ஒன்று இருக்கிறது. அது நண்பரின் கோபம் அல்ல.

2013 இல் வந்த 'சைம்ஸ் அட் மிட்நைட்' நாவலில், ஒருவகை மாயப் பழம் நகரத் தெருக்களில் விற்கப்படுகிறது. தூய இரத்தத்தவருக்கு அது வெறும் தித்திப்பு. கலப்பின இளைஞர்களுக்கோ உயிர் போகும்வரை விடாத போதை. நாயகி அரசியிடம் முறையிடுகிறாள். அரசி அவளையே நாடுகடத்த உத்தரவிடுகிறாள். இந்த இடம்வரை எழுத்தாளரின் பேனா தீயாக இருக்கிறது. அதற்குப் பிறகு நடப்பது என்ன? பொய்யான அரசி இறக்கப்பட்டு, 'உண்மையான வாரிசு' சிம்மாசனம் ஏறுகிறாள். இரத்தத்தால் வந்த நோய்க்கு இரத்தத்தாலேயே மருந்து! அரசியை மாற்றிய நாயகி அரியணையை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

நாயகிக்கு நேர்வதும் அதுவே. கடையில் இரவு வேலை செய்த கலப்பினப் பெண், போகப்போக ஒபரோனின் பேத்தி என்று தெரியவருகிறது. நாவலுக்கு நாவல் அவளில் மனித இரத்தம் குறைகிறது, ஆற்றல் கூடுகிறது. 2021 இல் வந்த நாவலில் டொரன்டோ நகரில் பூனைகளின் அரசனோடு திருமணமும் நடக்கிறது. அப்படியானால் பேத்தி அல்லாத மற்றக் கலப்பினத்தவர்களின் கதி என்ன? அவர்களுக்காக யார் 19 நாவல் எழுதுவார்? இந்தக் கேள்வியை மக்வயரிடம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவரது எழுத்தை வாசித்தவர்களுக்கே அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது. பின்னட்டையைப் பார்த்துச் சிரித்தவருக்கு அது கிடையாது.

எழுத்தாளருக்கும் இந்தக் கேள்வி உறுத்தியிருக்கும் போலும். 2023 இல் வந்த 'ஸ்லீப் நோ மோர்' நாவலில் டைட்டானியா உலகத்தையே மாயத்தால் மாற்றியமைக்கிறாள். நாயகி தன் சகோதரிக்குப் பணிவிடை செய்யும் கலப்பினப் பெண்ணாக விழிக்கிறாள். தன்மீது எவரும் பலவந்தம் செய்ததாக அவள் நினைக்கவில்லை. அவள் மகிழ்ச்சியாகவே இருக்கிறாள். அடிமைத்தனத்தைத் தன் அன்பென்று நம்புகிறாள். சவுக்கோ சங்கிலியோ இல்லாத அந்த அடிமைத்தனம் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

கடைசியாக ஒரு பாவமன்னிப்பு. ஆசிரியர் கலாசாலையில், மாயக் கதை ஆரம்ப வகுப்புகளோடு முடிந்துவிட வேண்டும் என்று எமக்குப் படிப்பித்தார்கள். நானும் நம்பினேன். நியமனம் கிடைத்த முதல் வருடங்களில், தரம் 9 மாணவி ஒருத்தி மேசைக்குக் கீழே மறைத்து வாசித்த மாயக் கதைப் புத்தகத்தைப் பறித்து, வகுப்பின் முன் அதன் தலைப்பை உரத்து வாசித்துக் காட்டினேன். வகுப்பு சிரித்தது. அந்தப் பிள்ளை அதன்பின் என் பாடவேளையில் எந்தப் புத்தகமும் வாசிக்கவில்லை. நண்பரின் சிரிப்பு என்னை இவ்வளவு சுட்டதற்குக் காரணம், அது முன்பு நான் சிரித்த சிரிப்பு.

அடுத்த சந்திப்புக்கு முதலாவது நாவலைக் கொண்டுவருவேன். நண்பர் அதை வீட்டுக்கு எடுத்துச்செல்லட்டும். வாசித்து முடித்த பின்னும் சிரிப்பு வந்தால், அப்போது இருவரும் சேர்ந்தே சிரிப்போம்.