விஏஓ முதல் தாசில்தார் வரை... ஒரே ரூட், பல சான்றிதழ்: லோ-கோட் எப்படி உதவும்?
பெரம்பலூர், அரியலூருக்கு ஆன்லைன் சான்றிதழ் புதுசு இல்லை. தமிழகத்தில் இ-மாவட்டத் திட்டம் முதலில் சோதிக்கப்பட்ட 6 மாவட்டங்களில் இந்த இரண்டும் உண்டு.

வருமானச் சான்றோ, முதல் பட்டதாரிச் சான்றோ, மனு போகிற வழி ஒன்றுதான்: விஏஓ விசாரணை, ஆர்ஐ பரிந்துரை, பிறகு தாலுகா அலுவலகம். லோ-கோட் முறையில் இந்த வழியைப் பக்கம் பக்கமாக கோடிங் எழுதாமல், கட்டமும் அம்புக்குறியுமாகத் திரையில் வரையலாம். (நம்ம ஊர் ஜோஹோவின் ‘கிரியேட்டர்’ 2006-லேயே வந்த இந்த ரகம்தான்.) ‘விஏஓ விசாரணை’ கட்டத்தை ஒருமுறை வரைந்தால் எல்லாச் சான்றுக்கும் அதையே கோர்க்கலாம்.

சிக்கல் எங்கே? பழங்குடியினர் சாதிச் சான்றில் கையெழுத்திடுவது தாசில்தார் இல்லை, கோட்டாட்சியர். கட்டத்துக்குள் ‘தாசில்தார்’ என்றே எழுதிப் பூட்டிவிட்டால், அட்மிஷன் நேரத்தில் மாணவரின் மனு தப்பான மேஜையில் போய் நிற்கும். எனவே அதிகாரியின் பதவியை மட்டும் மாற்றுகிற மாதிரி திறந்து வைக்கணும். பொதுக் கட்டத்தில் கை வைத்தால் எல்லாச் சான்றும் ஆட்டம் காணும் என்பதால், ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்த பிறகே மாற்றத்தை வெளியிட வேண்டும்.