மூச்சு விடுவதும் உரிமைதான்!



"பீடி குடிச்சான், அனுபவிக்கிறான்." சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் பற்றிப் பேசினா நம்ம ஊர்ல வர்ற முதல் பதில் இதுதான். பீடியையே தொடாம, காலமெல்லாம் விறகு அடுப்பு ஊதின அம்மாக்களுக்கும் இதே நோய் வருதே, அதுக்கு என்ன பதில்? தூசியில உழைச்ச தொழிலாளிக்கும் வருதே?

சேதமான நுரையீரலை எந்த மருந்தும் பழையபடி ஆக்காது. ஆனா நோய் முற்றிய பிறகும் சிலருக்கு அறுவை சிகிச்சையில் வழி இருக்கு:

🔴 பெரிய காற்றுக் குமிழி ஒன்று நல்ல நுரையீரலை அமுக்கினா, அதை மட்டும் நீக்கலாம்.

🔴 ஊதிப்போன பகுதியை, ஒவ்வொரு நுரையீரலிலும் 20 முதல் 30 சதவீதம் வரை, வெட்டி எடுக்கலாம். மிச்சப் பகுதி விரிய இடம் கிடைக்கும்.

🔴 கடைசி வழி, நுரையீரல் மாற்று.

இது எல்லாருக்கும் பொருந்தாது. 1,218 நோயாளிகளை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வு 2003-ல் வெளியானது. நுரையீரலின் மேல்பகுதி அதிகம் கெட்டு, உடல் திறனும் குறைந்தவர்களுக்கு, அளவைக் குறைக்கும் அறுவையால் ஆயுள் கூடியது. நுரையீரல் செயல்பாடு மிக மோசமாகிவிட்ட சிலருக்கோ அதே அறுவை உயிருக்கே ஆபத்தானது.

அதாவது சரியான ஆளை, சரியான நேரத்தில் கண்டுபிடிக்கணும். அதுக்கு ஸ்பைரோமெட்ரி, சிடி ஸ்கேன், நடைப் பரிசோதனை வேணும். பத்தடி நடந்தாலே மூச்சு வாங்குற மனுஷன் இதுக்காக ரெண்டு பஸ் மாறி சென்னை வரணுமா? வசதி இருக்கிறவர் காரில் போய் பார்த்துக்கிறார். கூலித் தொழிலாளி இன்ஹேலரோடு வீட்டிலேயே முடங்குகிறார். இதுவா சமூகநீதி?

நமது கோரிக்கைகள்:

✅ வட்ட மருத்துவமனை தோறும் ஸ்பைரோமெட்ரி.

✅ எல்லா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மூச்சுப் பயிற்சி மையம். அறுவைக்கு முன்னும் பின்னும் அது அவசியம். அறுவை தேவைப்படாதவருக்கும் அது பலன் தரும்.

✅ மாற்று அறுவை செய்தவருக்கு ஆயுள் முழுக்க வேண்டிய மருந்துகள் இலவசமாக.

நம்ம பங்கும் இருக்கு. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளைத் தானமாகப் பெறும் திட்டத்தை 2008-லேயே முறைப்படுத்திய மாநிலம் இது. ஆனா நுரையீரல் சீக்கிரம் கெட்டுப்போகும்; தானமாகக் கிடைத்தாலும் பல நேரம் பயன்படாமல் போகிறது. அதனால ஒவ்வொரு சம்மதமும் முக்கியம். உறுப்பு தானத்துக்குப் பதிவு பண்ணுங்க, வீட்டிலும் சொல்லி வைங்க. புகைப்பவர்கள் இன்றே நிறுத்துங்க. புகையை விடாதவருக்கு இந்த அறுவை செய்யமாட்டாங்க.

அடுப்பூதின அம்மாவுக்கும் மூச்சு விட உரிமை உண்டு. பகிருங்கள்!

#மூச்சு_நம்_உரிமை #உறுப்புதானம்