நான்காவதாக வந்தவர் யார்?

ஏமாற்றியவர்களின் பெயர்களை உலகம் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீற்றரை 9.79 செக்கன்களில் ஓடி, மூன்று நாட்களில் தங்கத்தைப் பறிகொடுத்த பென் ஜோன்சனைப் பலருக்குத் தெரியும். சைக்கிளோட்டத்தில் ஏழு பட்டங்களை 2012இல் இழந்த லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்கையும் தெரியும். ஏமாற்றப்பட்டவர்கள் யார் என்று கேட்டால்தான் நாம் விழிக்கிறோம்.

நமது நாட்டிலேயே ஒருவர் இருக்கிறார். 2000 சிட்னி ஒலிம்பிக்கின் 200 மீற்றர் இறுதிப் போட்டியில் சுசந்திகா ஜயசிங்க 22.28 செக்கன்களில் மூன்றாவதாக வந்தார். 1948இல் டங்கன் வைட் வென்ற வெள்ளிக்குப் பின், 52 வருடங்கள் கழித்து இலங்கைக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது. முதலாவதாக வந்த அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ், தான் ஊக்கமருந்து பாவித்ததை 2007இல் ஒப்புக்கொண்டார். சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது 2009 டிசம்பரில்தான்.

அன்று நான்காவதாக வந்த ஜமெய்க்காவின் பெவர்லி மெக்டொனால்டுக்கு வெண்கலம் உரித்தானது. ஆனால் அந்த 200 மீற்றர் போட்டிக்கான வெற்றி மேடையில் அவர் அன்று ஏறவே இல்லை. பதக்கத்தைப் பிறகு கொடுக்கலாம். அந்த நாளை யார் கொடுப்பது?

“பரீட்சையில் ஒன்றிரண்டைப் பார்த்து எழுதினால் யாருக்கு என்ன நட்டம்?” என்று கேட்பவர்கள் நம் மத்தியிலும் உண்டு. நட்டம் உண்டு. பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதமானோர் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதமானோர் மாவட்ட அடிப்படையிலும் தெரிவாகின்றனர். எஞ்சிய 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு உரியது. பதுளையும் அவற்றுள் ஒன்று. ஆகவே இங்கே ஒருவர் களவாக எடுக்கும் புள்ளி பெரும்பாலும் கொழும்புப் பிள்ளையைப் பாதிப்பதில்லை. பசறையிலோ லுணுகலையிலோ மேலதிக வகுப்புக்குப் போக வசதியில்லாமல் படித்த, கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் மகளையே அது பட்டியலில் கீழே தள்ளுகிறது. தன் இடம் எப்படிப் போனது என்பது அவளுக்குத் தெரியவும் வராது.

“பெரியவர்களே செய்கிறார்களே” என்றும் சொல்வார்கள். உண்மைதான். 2024 ஜனவரியில் உயர்தர விவசாய விஞ்ஞான வினாத்தாள் முன்கூட்டியே வெளியானது. அதே வருடம் செப்டெம்பரில் புலமைப்பரிசில் பரீட்சையின் வினாக்களும் கசிந்து, விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. வெளியிட்டவர்கள் சிலர். ஆனால் விவசாய விஞ்ஞானத்தை மீண்டும் எழுதியவர்கள் நேர்மையாகப் படித்த அத்தனை மாணவர்களும்தான். அந்த வலி தெரிந்த நாமே அதை இன்னொருவருக்குச் செய்வது எந்த வகையில் நியாயம்?

அல்குர்ஆனின் 83ஆவது அத்தியாயமான அல்முதஃப்பிஃபீன், தமக்கு நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் குறைத்து அளந்து கொடுப்போரைக் கண்டித்தே தொடங்குகிறது. அது கடைக்காரருக்கு மட்டும் சொன்னதல்ல. கொழுந்து நிறுக்கும்போது கிலோக் கணக்கில் வெட்டுகிறார்கள் என்று தோட்டத்துப் பெண்கள் காலங்காலமாகச் சொல்லும் குறையைக் கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது. பரீட்சைப் புள்ளியும் ஒரு நிறுவைதான். அதில் கை வைப்பவர் மீதும் நமக்கு அதே கோபம் வர வேண்டும், அவர் நம் தோழியாக இருந்தாலும் சரி.

ஆகவே அடுத்த முறை ஒரு மோசடி பற்றிப் பேசும்போது, பிடிபட்டவரின் கதையோடு நிறுத்திவிடாமல், நான்காவதாக வந்தவர் யார் என்றும் கேட்போம்.