வாஷிங் மெஷின் வரலாம், பைக் வரக்கூடாதா?

ஆரணியில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. ஆனால் தறியில் உட்கார ஆள் குறைந்துகொண்டே போகிறது என்பதும் ஊருக்கே தெரியும். அப்பா பாவு பூட்டுவார், அம்மா தார் சுற்றுவார், பையன் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பான். அப்படி ஒரு பையன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆறு வருடம் துபாயில் வேலை. இரண்டாவது வருடம் சம்பளத்தைச் சேர்த்து 400 சிசி பைக் ஒன்று வாங்குகிறான். அறையில் எட்டுப் பேருடன் படுத்துக் கிடந்தவனுக்கு அவனுடையது என்று இருந்த ஒரே பொருள் அதுதான். இப்போது ஊருக்கே திரும்பி வருகிறான். வண்டியையும் கொண்டுவர ஆசைப்படுகிறான். முடியுமா?

முடியாது. கிட்டத்தட்ட.

பலர் நினைப்பது, "வெளிநாட்டிலேயே இருந்துவிட்டுத் திரும்பி வருகிறவனுக்குச் சலுகை உண்டே" என்று. உண்டுதான். குடிபெயர்ந்து வருபவர்கள் பயன்படுத்திய வீட்டுச் சாமான்களைக் குறிப்பிட்ட வரம்புக்குள் சலுகையோடு கொண்டுவரலாம். வாஷிங் மெஷின், மைக்ரோவேவ், மிக்ஸி எல்லாம் அதில் அடக்கம். ஆனால் 1962-ஆம் வருடத்துச் சுங்கச் சட்டம் அதன் இரண்டாவது பிரிவிலேயே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறது: பயணியின் உடைமை என்ற சொல்லில் மோட்டார் வாகனம் சேராது. அவ்வளவுதான். அந்த ஒரே வரியில் நம் ஆரணிப் பையன் பயணியிலிருந்து இறக்குமதியாளர் ஆகிவிடுகிறான். கப்பலில் நூறு வண்டி இறக்கும் கம்பெனியும் அவனும் ஒரே வரிசையில்.

சரி, இறக்குமதியாளராகவே இருக்கட்டும் என்றால், அடுத்த கதவு வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் விதிகள். பயன்படுத்திய வண்டி என்றால் தயாரித்த தேதியிலிருந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது. நம் ஆளின் வண்டிக்கு நான்கு வயது. கதை இங்கேயே முடிந்தது! ஒருவேளை இரண்டு வயது வண்டியாக இருந்தால்? ஏற்றுமதிக்கு முன் அங்கே ஒரு பரிசோதனைச் சான்று. இன்னும் ஐந்து வருடம் ஓடும் தகுதி வேண்டும், அந்த ஐந்து வருடமும் இங்கே சர்வீஸ் வசதி கிடைக்கும் என்ற உறுதி வேண்டும் (இதைத் தனி ஆள் எப்படிக் கொடுப்பான் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை). வந்து இறங்கியதும் புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிலையத்தில் இன்னொரு பரிசோதனை. இதில் உச்சம், பழைய வண்டி இறங்க அனுமதி மும்பைத் துறைமுகத்தில் மட்டும். ஆரணியிலிருந்து சென்னைத் துறைமுகம் சுமார் 140 கிலோமீட்டர். அதை விட்டுவிட்டு ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போய் வண்டியை எடுத்துவர வேண்டும்.

இனி கணக்கு. பி.காம் படிப்பவர்கள் கால்குலேட்டரை எடுக்கலாம் :-)

புது வண்டிக்கான கணக்கையே பார்ப்போம், அதுதான் மலிவு. விலை, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 3 லட்சம். 1600 சிசிக்குக் கீழ் முழு வண்டியாக வந்தால் 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு அடிப்படைச் சுங்க வரி 40 சதவீதம், அதாவது 1,20,000. இப்போது மதிப்பு 4,20,000. இதன்மேல் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 40 சதவீதம். ஆக 1,68,000. இரண்டையும் கூட்டினால் 2,88,000. மூன்று லட்ச ரூபாய் வண்டிக்குக் கிட்டத்தட்ட இன்னொரு வண்டியின் விலை! இதற்குப் பிறகு ஆர்டிஓ ஆபீஸில் ஆயுள் வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்கு அது 12 சதவீதம். பழைய வண்டிக்கு அந்த 40 சதவீதமும் கிடைக்காது. குறைந்த விகிதம் "எங்குமே பதிவு செய்யப்படாத புது வண்டி"க்கு மட்டும்தான். ஏற்கனவே ஓடிய வண்டி அதைவிட உயர்ந்த விகிதத்துக்குப் போய்விடும். "விலையைக் குறைத்துப் போட்டு ஒரு பில் வாங்கிவிடலாமே" என்றும் தப்பிக்க முடியாது. புது வண்டியின் விலையை எடுத்து, வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்து, சுங்கத்துறையே மதிப்பைப் போடும்.

இந்தச் சுவர் ஏன் என்று கேட்டால் பதில் உண்டு. அது நியாயமான பதிலும்கூட. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்த கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் புல்லட் ஓடத் தொடங்கியது. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி மூடியே போய்விட்டது. திருவொற்றியூர் பிழைத்தது, பிறகு ஒரகடமும் வல்லம் வடகாலும் வந்தன. வெளிநாட்டு வண்டிக்குக் கதவு திறந்தே இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான். வளைகுடாவிலும் ஜப்பானிலும் கழித்துக் கட்டும் பழைய வண்டிகளுக்கெல்லாம் இந்தியா குப்பைத்தொட்டி ஆகக்கூடாது என்ற பயமும் பொய்யில்லை.

இதை ஆரணிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பட்டுப்புடவை உட்பட சில துணிகளைக் கைத்தறிக்கு ஒதுக்கும் 1985 சட்டம் இல்லாவிட்டால் விசைத்தறி எப்போதோ தறிக்குழியை மூடியிருக்கும். அதே ஊர்தான் கச்சாப்பட்டுக்கு இறக்குமதி வரி ஏறும்போதெல்லாம் முனகுகிறது. 2011 பட்ஜெட்டில் அந்த வரி 30-லிருந்து 5 சதவீதமாக இறங்கியபோது நெசவாளர் பக்கம் நிம்மதி, பட்டுக்கூடு வளர்க்கும் விவசாயி பக்கம் புலம்பல். 2013-இல் 15 ஆக ஏறியபோது தலைகீழ். வரிச்சுவர் யாருக்கு நிழல், யாருக்கு வெயில் என்பது சுவருக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதனால் "வரியே வேண்டாம்" என்று ஆரணியிலிருந்து ஒரு குரல் கிளம்பினால் அது நேர்மையாக இருக்காது.

ஆனால் இந்தச் சுவர் எல்லோருக்கும் ஒரே உயரம் இல்லை. அங்கேதான் கோபம் வருகிறது. 2007-இல் அமெரிக்கா இந்திய மாம்பழத்தை உள்ளே விட்டது, இந்தியா ஹார்லி டேவிட்சனை உள்ளே விட்டது. 2018-இல் டிரம்ப் ஹார்லிக்கு வரி அதிகம் என்று மேடையில் புலம்பினார். இறக்குமதி பைக் வரி 50 சதவீதமாகக் குறைந்தது. 2025-இல் மீண்டும் குறைந்தது, எப்படி என்று பாருங்கள்: 1600 சிசிக்குக் கீழ் 40, அதற்கு மேல் 30. வண்டி பெரிதானால் வரி சிறிது! அந்த அளவு வண்டியை இங்கே யாரும் பெரிதாகச் செய்வதில்லை, பாதுகாக்க ஒன்றுமில்லை என்று வாதிடலாம். அந்த வாதம் சரி என்றால், இரண்டு வருடம் தான் ஓட்டிய ஒரே ஒரு வண்டியோடு வருகிறவனால் மட்டும் எந்தத் தொழிற்சாலை மூடப்போகிறது? அவன் விற்கவா கொண்டுவருகிறான்? அவனுக்காகப் பேச ஒரு ஜனாதிபதி இல்லை, அதுதான் குறை.

இன்னொரு வேடிக்கை. ஒரு ஜெர்மானியர் கார்னே என்ற ஆவணத்தோடு பைக்கை இறக்கி, தற்காலிகமாக, வரி கட்டாமல் கன்னியாகுமரி வரை சுற்றலாம். திரும்ப எடுத்துப் போய்விட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. சொந்த ஊருக்கே திரும்புகிறவனுக்கு அந்த வழி உதவாது. அவன் திரும்பப் போகப் போவதில்லையே!

பக்கத்து இலங்கையைப் பாருங்கள். 2020 முதல் வாகன இறக்குமதியையே நிறுத்தி வைத்திருந்த நாடு அது. டாலர் வற்றிப்போன 2022-இல், வெளிநாட்டில் உழைத்து முறையாகப் பணம் அனுப்பியவர்களுக்கு, அனுப்பிய தொகைக்கு ஏற்ப மின்வாகனம் இறக்குமதி செய்ய அனுமதி கொடுத்தது. நெருக்கடியில் பிறந்த திட்டம்தான். இருந்தாலும் தொழிலாளியை வியாபாரியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

இங்கேயும் செய்யலாம். இரண்டு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் வேலை பார்த்து நிரந்தரமாகத் திரும்புகிறவருக்கு, தன் பெயரில் ஒரு வருடமாவது இருந்த ஒரே ஒரு இருசக்கர வாகனம். ஜிஎஸ்டி கட்டட்டும், புகைச் சோதனையில் தேறட்டும். மூன்று வருடம் விற்கக்கூடாது என்று ஆர்சி புத்தகத்திலேயே முத்திரை குத்தட்டும். சென்னையில் இறக்கட்டும். வாழ்நாளில் ஒருமுறை மட்டும் என்று பாஸ்போர்ட்டோடு இணைத்துவிட்டால் வியாபாரிகள் புகுந்துகொள்ளவும் வழி குறைவு.

அதுவரை? வண்டியைப் பிரித்து "ஸ்பேர் பார்ட்ஸ்" என்று பெட்டி பெட்டியாக அனுப்பித் தருகிறோம் என்று சொல்லும் ஏஜென்ட்டுகள் வருவார்கள். பொய் சொல்லி இறக்கிய சரக்கைச் சுங்கத்துறை பறிமுதல் செய்யலாம், அபராதமும் உண்டு. தப்பித்து வீடு வந்து சேர்ந்தாலும் வண்டிக்கான பில் ஆஃப் என்ட்ரி இல்லாமல் எந்த ஆர்டிஓவும் நம்பர் கொடுக்க மாட்டார். திண்ணையில் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருக்கலாம். நம் ஆரணிப் பையன் செய்யக்கூடியது ஒன்றுதான், வண்டியை அங்கேயே நல்ல விலைக்குத் தள்ளிவிடுவது. சாவிக்கொத்தை மட்டும் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். அதற்கு வரி இல்லை.