நோவிசாத்தில் அசைந்த நாற்காலி சிவகாசியில் அசையாதது ஏன்?

ஐரோப்பாவிலே செர்பியா என்றொரு நாடு. பொதுவுடைமை ஆட்சி நடந்த யுகோஸ்லாவியா சிதறியபோது பிரிந்து நின்ற நாடுகளுள் ஒன்று. அதன் நோவிசாத் நகரத்து ரயில் நிலையத்தைப் புதுப்பித்துத் திறந்தார்கள். சில திங்கள்தான் சென்றன. 2024 நவம்பர் 1 அன்று முகப்பின் காங்கிரீட் கூரை இடிந்து வீழ்ந்தது. மாண்டோர் 14 பேர். பின்னர் மருத்துவமனையில் உயிர் நீத்தோரையும் சேர்த்து 16 பேர். கூரை வீழ்ந்த நேரம் முற்பகல் 11.52. அந்த நேரத்தில் மாணவர்கள் வீதிகளை மறித்து, இறந்தோர் ஒருவருக்கு ஒரு நிமிடமாக, வாய் திறவாமல் நின்றார்கள். கட்டுமானத் துறை அமைச்சர் விலகினார். 2025 ஜனவரியில் பிரதமர் வுசேவிச்சே பதவி விலகல் அறிவித்தார்.

அதே 2024ஆம் ஆண்டு நம் விருதுநகர் மாவட்டத்துப் பொதுவாழ்வு எவ்வாறு நடந்தது?

பிப்ரவரி 17, வெம்பக்கோட்டை அருகே பத்துப் பேர். மே 9, செங்கமலப்பட்டியில் எட்டுக்குக் குறையாதோர். ஜூன் 29, சாத்தூர் அருகே நால்வர். நோவிசாத்தின் கணக்கை நாம் மே மாதத்திலேயே கடந்துவிட்டோம். அசைந்த நாற்காலி எது? எவரேனும் காட்டட்டும்!

இத்தனைக்கும் இடையில் ஏப்ரல் 19இல் வாக்குப் பதிவும் நடந்தது. வெற்றி தோல்வியை 4,379 வாக்குகள் தீர்மானித்தன. வாக்குக்கு வலிமையற்ற பூமியா இது? 1967இல் பெருந்தலைவர் காமராசரையே 1,285 வாக்குகளால் வீழ்த்திய மண்! "பட்டாசுத் தொழிலைக் காப்போம்" என்ற முழக்கத்துக்கு இங்கே எக்கொடியின் கீழும் பஞ்சமில்லை. தொழிலைக் காப்பீர், சரி, தொழிலாளியை?

விபத்து, விதி என்பார்கள். விதியல்ல, விதிமீறல். நாக்பூர் லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் அறை அறையாகப் பிரித்து உள்குத்தகைக்கு விடுவார். சட்டம் அதை அனுமதிக்கவில்லை. குத்தகைக்கு எடுத்தவன் கொடுத்த பணத்தைத் தீபாவளிக்குள் மீட்டாக வேண்டும். நால்வருக்கு மேல் கூடாது என்ற அறையில் கூட்டத்தை அடைப்பான். இடம் போதாவிட்டால் மரத்தடியில் உட்கார வைப்பான். பேன்சி ரகத்துக்கான மருந்தைக் கலக்கும்போது சிறு உராய்வு போதும். மிச்ச மருந்தை இரவில் விட்டுவைத்தால் ஈரம் பட்டுத் தானே சூடேறும். முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5இல் 38 பேர் கருகியபோதே இவையனைத்தும் அம்பலமாயின. பன்னிரண்டு ஆண்டுகளில் கற்ற பாடம் என்ன? வெடித்த மறுநாள் போர்மேனைக் கைது செய். உரிமத்தை ரத்து செய். காசோலை கொடுக்கும் படத்தை வெளியிடு!

செர்பிய மாணவன் வீதியில் நின்றால் அவன் வீட்டு அடுப்பு அணையாது. ஏழாயிரம்பண்ணைப் பெண் நின்றால் அன்றைய கூலி போயிற்று. "ஆலையை மூடினால் யாருக்கு நட்டம்?" என்ற ஒற்றைக் கேள்வியால் அவளது வாயை அடைக்கிறார்கள். அவளுடைய பட்டினியே முதலாளியின் காப்பீடு. இதைத் தெரிந்துகொண்டுதான் எல்லோரும் அமைதியாக இருக்கிறார்கள்.

ஆகவே கேட்கிறோம்: ஒவ்வொரு வெடிப்பின் விசாரணை அறிக்கையையும் சட்டமன்றத்தில் வையுங்கள். உரிமம் யார் பெயரில் உள்ளதோ அவரைக் குற்றவாளிக் கூண்டில் முதலில் நிறுத்துங்கள். கடைசியாக அந்த ஆலையைச் சோதித்துக் கையெழுத்திட்ட அதிகாரியின் பெயரை அறிவியுங்கள்.

2024 நவம்பரில் விருதுநகருக்கு வந்த முதலமைச்சர், பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகளின் உயர்கல்வி வரையிலான செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்தார். நல்ல அறிவிப்பு, குறை சொல்வதற்கில்லை. அனாதையான பிள்ளைக்குப் படிப்பு உண்டு. பிள்ளை அனாதையாகாமல் தடுக்க என்ன உண்டு? எட்டுத் திங்களுக்குள், 2025 ஜூலை 1 அன்று, சின்னக்காமன்பட்டியில் மீண்டும் வெடித்தது. எட்டுக்குக் குறையாதோர் மாண்டனர்.