பட்ட மரமும் மரங்கொத்தியும்

பனியன் தொழிலாற் பெயர்பெற்ற திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம் 2022-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் ராம்சார் உடன்படிக்கையின்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் வரிசையிலும் இடம்பெற்றது. இது நம்மனைவர்க்கும் மகிழ்ச்சி தருவதே. ஆயினும் நீர்ப்பறவைகட்குக் கிட்டிய ஆதரவில் ஒரு சிறுபங்கேனும் ஊர்ப்புறத்து மரங்களில் வாழும் பறவைகட்கும் கிட்டவேண்டுமென்பது நமது அபிப்பிராயம். அவற்றுள் ஒன்றாகிய பொன்முதுகு மரங்கொத்தியைக் குறித்துச் சில கூற விரும்புகிறோம்.

இப்பறவையின் ஆணுக்கு உச்சியும் கொண்டையும் சிவந்திருக்கும். பெண்ணுக்கோ முன்னுச்சி வெண்புள்ளியிட்ட கருநிறமாயும் கொண்டை மட்டும் சிவப்பாயும் இருக்கும். ஆதலால் கூட்டிற்கு வருவது எதுவென்று தூரத்தினின்றே அறியலாம். பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஜூலை வரையிலான காலத்தில் இவை மரத்தைக் குடைந்து கூடமைக்கின்றன. துவாரம் நேரே உட்சென்று பின் கீழ்நோக்கி இறங்கும். உள்ளே புல்லோ பஞ்சோ பரப்புவதில்லை. வழக்கமாக இடப்படும் 3 வெண்முட்டைகளும் ஏறக்குறைய 11 நாட்களிற் பொரிகின்றன. குஞ்சுகள் சுமார் 20 நாட்களிற் கூட்டைவிட்டு வெளியேறுகின்றன.

சென்ற கோடையில் ஒரு வாய்க்காற் கரையிலே பட்டுநின்ற வேம்பில் இத்தகைய கூடொன்றைப் பலநாள் கவனித்தோம். தாயும் தந்தையும் மாறிமாறி இரை கொணர்ந்தன. முதலில் உடல் முழுதும் மறைய உள்ளே நுழைந்தவை, குஞ்சுகள் வளர்ந்தபின் வாயிலிலேயே தொற்றிநின்று ஊட்டின. ஒரு மாதத்திற்கு முன் எவரேனும் அம்மரத்தை விறகுக்கென வெட்டியிருப்பின் அக்குடும்பம் முழுவதும் அழிந்திருக்கும்.

அழிவது அக்குடும்பம் மட்டுமன்று. மரங்கொத்தி விட்டுச்சென்ற பொந்திலே கிளியும் மைனாவும் புள்ளி ஆந்தையும் குடிபுகுகின்றன. தாமே மரத்தைக் குடைந்து வீடமைக்கும் வலிமை இவற்றிற்கில்லை. ஒரு மரங்கொத்தியின் உழைப்பு பின்வரும் பல தலைமுறைகட்கு இல்லமாகிறது.

பட்ட மரம் பூச்சிகட்கு இருப்பிடமாகுமேயென உழவர் ஆட்சேபிக்கலாம். தென்னையைப் பொறுத்தமட்டில் அவ்வாட்சேபம் நியாயமானதே. மக்கிய தென்னந்தண்டிலே காண்டாமிருக வண்டு பெருகுமாதலால் தோப்பினின்று அதனை அகற்றுவதே தகும். சாலையோரத்தே வழிப்போக்கர்மேல் விழக்கூடிய மரத்தையும் நாம் காக்கச் சொல்லவில்லை. ஆனால் குளக்கரையிலும் புறம்போக்கிலும் கலாசாலைத் தோட்டங்களின் ஒதுக்கிலும் எவர்க்கும் இடையூறின்றி நிற்கும் பட்ட வேம்பையும் வாகையையும் வெட்டுவதால் வரும் இலாபம் சில நாள் விறகேயன்றி வேறென்ன?

ஆகவே மாணவர்கட்கு நாம் கூறுவது இதுவே: உங்கள் ஊரிலுள்ள பட்ட மரங்களைக் கணக்கெடுங்கள், பொந்துள்ளவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள், கூட்டை நெருங்காமலும் மரத்தைத் தட்டாமலும் தொலைவில் நின்று நோக்கி, நாளும் வேளையும் எழுதிவையுங்கள். பின்னர் அக்குறிப்புடன் ஊராட்சித் தலைவரையும் நிலத்துக்குரியவரையும் அணுகி, கூடுகட்டும் பருவம் கழியும்வரையேனும் கோடரியை நிறுத்திவைக்க வேண்டுங்கள். மரங்களை நட ஆர்வங்கொண்டோர் பலர் நம்மிடையே உளர். பட்ட மரத்தையும் நிற்கவிட மனங்கொள்வோரும் பெருகவேண்டும்.